வங்கி ஆலோசகரும் பிலோமினாவின் ஏணியும்

எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் இந்த மேசையில் நான் இருபத்திரண்டு வருடம் இருந்தேன், இனி நீங்கள் இருக்கப்போகிறீர்கள். படிவம் நிரப்புவது, விசாவுக்குக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் எந்த வரிசையில் நிற்பது, ஆஸ்பத்திரியில் யாரைப் பிடித்தால் கதவு திறக்கும் என்பதெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. நீங்கள் இந்த ஊரில் பிறந்து படித்த பிள்ளைகள். உங்கள் இத்தாலிய மொழியைக் கேட்டால் பலேர்மோக்காரரே திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என்னுடையதைக் கேட்டால் இப்போதும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே மொழியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மொழி தெரியும் என்ற எண்ணத்தால் நான் செய்த ஒரு பிழையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் வேலையை விட்டபிறகு இதைப் பலர் பல விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேள்வி. என் வாயால் சரியாகச் சொன்னால் நல்லது.

பிலோமினாவை உங்களுக்குத் தெரியும். கோயிலில் ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் இருப்பவர், மன்னார்க்காரி. அந்தக் காலத்தில் லிபெர்த்தா தெருவில் மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்தார். கணவர் சூசை துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றினார். பிரான்காச்சோ பகுதியில் வாடகை வீடு. ஒருநாள் பிலோமினா முகம் வெளிறிப்போய் இந்த மேசைக்கு வந்தார்.

"அண்ணை, வங்கியிலையிருந்து கூப்பிட்டிருக்கினம். ஏதோ பிழை விட்டிட்டன் போலை."

பிழை ஒன்றுமில்லை. பதினெட்டு வருடம் சேர்த்த பணம் சும்மா கணக்கில் கிடக்கிறது, எங்கள் நிதி ஆலோசகரை வந்து சந்தியுங்கள் என்று அழைப்பு. துணைக்கு நான் போனேன். மொழிபெயர்ப்பாளர் என்ற பெயரில்.

பிலோமினாவுக்கு இத்தாலியன் தெரியாது என்று நினைக்கவேண்டாம். கறை, தூசு, தரை, துணி, மாத்திரை, முதுகுவலி இவற்றைப் பற்றி அவர் தன்னை வேலைக்கு வைத்திருக்கும் சின்யோராக்களையே திருத்துவார். ஆனால் வங்கியில் பேசும் இத்தாலியன் வேறு. அது எனக்கும் தெரியாது. அதை நான் யாரிடமும் சொல்லியதில்லை. இதுதான் கதையின் தொடக்கம்.

ஆலோசகருக்கு முப்பது வயது இருக்கும். மரியாதையான பெடியன். கோப்பி எடுத்துக் கொடுத்தார். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள், அதனால் வேகமாகப் பேசினார். முதலில் ஒரு கேள்விக்கொத்தை நிரப்ப வேண்டும், சட்டம் அப்படி என்றார். கணினித் திரையைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார்.

முதல் கேள்வியிலேயே "ஸ்த்ருமெந்தி பினான்சியாரி" என்று ஒரு சொல் வந்தது. பங்கு, கடன்பத்திரம் இவற்றுக்கெல்லாம் வங்கிக்காரர் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஸ்த்ருமெந்தி என்றால் கருவி, சாதனம் என்பது மட்டும். பின்னால் வந்த பினான்சியாரியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். நிறுத்தி, 'இந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை' என்று கேட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் பிலோமினா. ஊரில் பாதிப்பேர் என்னை நம்பித்தான் இருக்கிறார்கள் என்ற நினைப்பு. கழுத்துப்பட்டி வேறு கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"சிக்கலான, ஆபத்தான சாதனங்களோடை பழகின அனுபவம் இருக்கோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

பிலோமினா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் இல்லை? நீராவி மெஷின், தரை மினுக்கிற மெஷின், பால்கனிக்கு வெளியிலை நிண்டு யன்னல் துடைக்கிற ஏணி. எல்லாம் நான்தான்."

நான் ஆலோசகரிடம் சொன்னேன்: "இருக்கிறது. பல வகை. பதினெட்டு வருட அனுபவம்."

அவர் புருவத்தை உயர்த்தினார். எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பயன்படுத்துகிறார் என்று கேட்டார்.

"ஒவ்வொரு நாளும்" என்றார் பிலோமினா. "ஞாயிறு மட்டும் இல்லை."

இதை நான் சொன்னதும் ஆலோசகர் சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை சந்தை மூடியிருக்கும்தானே."

அவர் ஏன் சந்தையைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்குச் சிரித்தேன். "ஞாயிறு சந்தை பூட்டாம்" என்று மொழிபெயர்த்தேன். "ஓம், தெரியும். நான் சனி பின்னேரமே மரக்கறி வாங்கிப்போடுவன்" என்றார் பிலோமினா. அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை என்று நானே முடிவெடுத்தேன்.

இவற்றை யாரிடம் கற்றார் என்று அடுத்த கேள்வி. "ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. பாத்துப் பழகினது." ஆலோசகர் தலையசைத்து ஏதோ தட்டினார். கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகவே வாசித்தார். திடீரென்று பெறுமதி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. நான் அவசரத்தில் சுருக்கிவிட்டேன்.

"திடீரெண்டு விழுந்தால் என்ன செய்வீங்கள்?"

"என்ன செய்யிறது? எழும்பி உடுப்பைத் தட்டிப்போட்டுத் திரும்ப ஏறுறதுதான்."

"திரும்பவும் ஏறுவாராம்" என்றேன்.

ஆலோசகர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். "பயமில்லையா என்று கேளுங்கள்."

"பயத்தைப் பாத்தால் வேலை நடக்குமோ?"

ஆலோசகர் நீட்டிய தாள்களில் பிலோமினா கையெழுத்து வைத்தார், சேமிப்பு அவர் தெரிவுசெய்த முதலீட்டுக்குப் போனது. அவர் எழுந்து நின்று பிலோமினாவுக்குக் கைகொடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். பேருந்தில் பிலோமினா எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஏறினவுடனே சொன்னார்: "நல்ல பெடியன் அண்ணை. என்ரை வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாய் ஓர் இத்தாலியனும் இண்டைவரைக்கும் கேட்டதில்லை."

அது என் மனதைத் தொட்டது. அதற்காகவே அன்று எனக்கு நானே ஒரு நல்ல சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்துப் பங்குச்சந்தை சரிந்தது. தன் கைபேசியில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்திருப்பதாகப் பிலோமினா பதறினார். நான் ஆலோசகரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினார். இப்போது எடுத்தால் நட்டம் உறுதியாகிவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார். பிலோமினா பொறுத்தார். அடுத்த மாதங்களில் இழந்ததில் பாதி திரும்பி வந்தது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் பெடியன் ஒன்றும் செய்யாதவர் அல்ல.

வருடம் முடிந்ததும் இரண்டு விஷயம் ஒன்றாக வந்தன. பிலோமினா குடியிருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு வருடத்துக்குள் வாங்குவதென்றால் உங்களுக்குத்தான் முதலில் தருவேன் என்றார். அதே கிழமையில் வங்கியிலிருந்து ஒரு கனமான உறை வந்தது. அந்த வருடம் ஆலோசனைக்கும் நிர்வாகத்துக்கும் எவ்வளவு எடுத்துக்கொண்டோம் என்ற கணக்கு. பிலோமினா உறையோடு இந்த மேசைக்கு வந்தார்.

"அண்ணை, வீட்டுக்குச் சேர்த்த காசு இது. குறைஞ்சு கிடக்கு. அதுக்கு மேலாலை இவருக்கும் குடுத்திருக்கிறன். இந்தப் பெடியனுக்குக் குடுக்கிறது தகுமோ தகாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

நான் கடிதத்தைப் புரட்டினேன். கடைசித் தாளில் 'வாடிக்கையாளரின் தன்மை' என்று ஒரு பெட்டி. சிக்கலான நிதிச் சாதனங்களில் நீண்ட அனுபவம் உள்ளவர். தினமும் பயன்படுத்துபவர். சுயமாகக் கற்றவர். நட்டம் வந்தால் முதலீட்டைக் கூட்டுபவர்.

ஏணி என் கண்முன்னால் வந்து நின்றது.

'வங்கிக்காரர் எல்லாரும் கள்ளர், நாளைக்கே எடுத்துப்போடுங்கோ' என்று ஒரு வசனம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் பிலோமினா நம்பியிருப்பார். என் பெயரும் தப்பியிருக்கும். சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. "நேரிலை போய்க் கேட்டிட்டு முடிவெடுப்பம்" என்றேன். அதைப் பெரிய நியாயம்போலத்தான் சொன்னேன். உண்மையில் அது தள்ளிப்போடுதல்.

"சரி" என்றார் பிலோமினா. "நான் ஒரு வீட்டுக்குப் புதுசாய்ப் போனால் சின்யோரா ஒரு மாதம் வைச்சுப் பாத்துத்தான் நிரந்தரமாக்குவா. இவரை நான் பாக்காமலே வைச்சிட்டன். இனித்தான் பாக்கப்போறன்."

குறித்த நாளில் போனோம். அதே அறை, அதே கோப்பி. பிலோமினா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இந்த வருசம் எனக்கு என்ன வேலை செய்தீங்கள் எண்டு கேளுங்கோ."

எனக்குக் கூச்சம். "உங்கள் சேவையின் விவரங்களை அறியச் சின்யோரா ஆவலாக இருக்கிறார்" என்று இத்தாலியனில் அழகாகச் சொன்னேன்.

பிலோமினா என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நான் ஆவல் எண்டு ஒண்டும் சொல்லேல்லை. என்ன வேலை செய்தார் எண்டு கேட்டனான்." பிறகு அவரே தன் சமையலறை இத்தாலியனில் ஆலோசகரைக் கேட்டார்: "என்ன செய்தாய்?"

ஆலோசகர் ஒரு சந்திப்பு, ஒரு தொலைபேசி உரையாடல், தொடர்ச்சியான கண்காணிப்பு என்றார்.

"கண்காணிப்பு எண்டால்? இருந்து பாத்துக்கொண்டிருந்தவரோ?"

"கணினி பார்த்துக்கொண்டிருக்கும்" என்றார் அவர், சற்றே குரலைக் குறைத்து.

"அப்ப இவர் எத்தினை மணித்தியாலம் வேலை செய்தவர்? எனக்கு மணித்தியாலக் கணக்கிலைதான் சம்பளம். இவருக்கு மட்டும் ஏன் வருசக் கணக்கு?"

இதை அப்படியே மொழிபெயர்த்தேன். ஆலோசகர் விரல்விட்டு எண்ணினார். புதுவருடத்துக்கு வங்கி நாட்காட்டி அனுப்பியதையும் சேர்த்து நான்கு மணித்தியாலம் என்றார். பிலோமினா கைபேசியை எடுத்து, கடிதத்தில் இருந்த தொகையை நான்கால் பிரித்து, திரையை எனக்குக் காட்டினார்.

"அண்ணை, இது என்ரை சின்யோராவின்ரை இருதய டொக்டருக்குக் குடுக்கிறதை விடக் கூட."

அடுத்த கேள்வி: "இவருக்குச் சம்பளம் குடுக்கிறது நானோ, இந்தச் சாமானை விக்கிற கொம்பனியோ?" ஆலோசகர் கொஞ்ச நேரம் பேனையைத் திறந்து மூடினார். பிறகு, கட்டணத்தில் ஒரு பகுதி அந்த நிறுவனத்திடமிருந்து வங்கிக்குத் திரும்பி வருகிறது என்று ஒத்துக்கொண்டார்.

"ரெண்டு வீட்டுச் சம்பளம்" என்றார் பிலோமினா. கோபத்தோடு அல்ல. தொழில் தெரிந்தவர் குறித்துக்கொள்வதுபோல.

அப்போதுதான் ஆலோசகர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தக் கேள்விக்கொத்தை அச்செடுத்து மேசையில் வைத்தார். "சின்யோரா, நான் உங்களுக்குப் பொருத்தமானதைத்தான் தந்தேன். நீங்களே சொன்னவை இவை. தினமும் பயன்படுத்துகிறேன் என்றீர்கள். விழுந்தால் திரும்ப ஏறுவேன் என்றீர்கள்."

"என்னவாம் அண்ணை?"

பிள்ளைகளே, இந்த வேலையில் உங்களுக்கு இப்படி ஓர் இடம் வரும். இரண்டு பேரும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒரு சொல்லைக் கொஞ்சம் வளைத்தால் போதும், யாருக்கும் தெரியாது. அந்த அறையில் இரண்டு பக்கமும் விளங்கும் ஆள் நான் ஒருவன்தான். பொய் சொல்ல அதைவிட வசதியான இடம் உலகத்தில் இல்லை.

நான் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினேன். முதலில் தமிழில் சொன்னேன். சாதனம் என்று நான் சொன்னது வேறு, அவர் கேட்டது வேறு, விழுந்தால் என்றது உங்களை அல்ல, உங்கள் காசை. பிறகு அதையே இத்தாலியனில் ஆலோசகருக்கும் சொன்னேன். "பிழை என்னுடையது. சொல் தெரியவில்லை. தெரிந்ததுபோல நடந்துகொண்டேன்."

ஆலோசகர் அச்செடுத்த தாளை எடுத்து மறுபடி வாசித்தார்.

பிலோமினா என்னைப் பார்த்தார். வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். சத்தமாக, மூச்சுவிட முடியாமல், மேசையில் கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆலோசகர் தண்ணீர் எடுக்க ஓடினார். திரும்பி வந்தவரிடம் பிலோமினா தன் இத்தாலியனில் விளக்கினார்: ஏணி! நீராவி! ஒவ்வொரு நாளும்! எழுந்து நின்று, ஏணியில் ஏறுவதுபோலக் கையை வேறு ஆட்டிக் காட்டினார். ஆலோசகரின் முகம் முதலில் வெளிறி, பிறகு சிவந்து, கடைசியில் அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் மாறிவிட்டது.

"அண்ணையிலை பிழை. சரி. அதை நான் பிறகு கதைக்கிறன். இப்ப இவரைக் கேளுங்கோ. வீடு கூட்டுற ஒரு பொம்பிளை வந்து நான் இதிலை பதினெட்டு வருசம் எண்டால், ஒருக்கால் யோசிக்க மாட்டாரோ? எதிலை, எங்கை எண்டு ஒரு கேள்வி கேக்க மாட்டாரோ? இந்தக் காசு என்னத்துக்கு, எப்ப வேணும் எண்டு ஏன் கேக்கேல்லை? சொன்னதை அப்பிடியே பெட்டியிலை குத்துறதுக்கு எண்டால் கணினி காணும். இவருக்குக் காசு குடுக்கிறது, குத்தாமல் நிப்பாட்டிக் கேக்கிறதுக்கு."

ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அவ்வளவு நன்றாக நான் என்றைக்குமே மொழிபெயர்த்ததில்லை.

ஆலோசகர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, முதன்முறையாகத் திரையைப் பார்க்காமல் பேசினார். "வெளியே மூன்று பேர் இருந்தார்கள். எங்களுக்கு மாதத்துக்கு இத்தனை பேர் என்று இலக்கு உண்டு. நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். இந்தப் பணம் எதற்கு?"

"வீட்டுக்கு."

"எப்போது?"

"ரெண்டு வருசத்திலை."

அவர் தலையில் கைவைத்தார். "அப்படியென்றால் இது இங்கே இருக்கவே கூடாது. குறுகிய கால அரசாங்கக் கடன்பத்திரம் போதும். அதற்கு நான் தேவையில்லை. நீங்களே வாங்கலாம்."

இதைச் சொன்னதில் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதைப் பிலோமினா புரிந்துகொண்டார். சற்று யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "காசு விழுந்த கிழமை அரைமணித்தியாலம் கதைச்சு என்னை நிப்பாட்டினவர். அது நல்ல வேலை. இண்டைக்குச் சொன்னதும் நல்ல வேலை. இந்த ரெண்டுக்கும் கூலி குடுக்கலாம். வருசம் முழுக்கக் குடுக்கேலாது. மணித்தியாலக் கணக்கிலை வரட்டும், தேவையெண்டால் கூப்பிடுறன்."

ஆலோசகர் இதைக் கேட்டுக் கணினியில் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு பெட்டி இல்லை என்றார். மெய்யாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பணத்தை மாற்றினார்கள். முழுதும் திரும்பவில்லை. ஒரு பகுதி போனது போனதுதான். அந்தப் பகுதியில் என் பங்கைத் தருகிறேன் என்று பிலோமினாவிடம் போனேன். வாங்க மறுத்தார். அதற்குப் பதிலாகக் கோயில் திருநாளுக்கு முன் உயரமான யன்னல்களையெல்லாம் அவர் துடைக்க, மூன்று நாள் கீழே நின்று ஏணி பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். வருகிற போகிறவர்கள் எல்லாரும் ஏன் என்று கேட்டார்கள். எல்லாருக்கும் பிலோமினா மேலேயிருந்தபடியே காரணத்தைச் சொன்னார்.

அதன்பிறகு இந்த மேசைக்கு எத்தனையோ பேர் அதே கேள்வியோடு வந்தார்கள், வங்கி ஆலோசகருக்குக் கொடுப்பது தகுமா என்று. ஆமென்றோ இல்லையென்றோ நான் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். கடை வைத்திருக்கும் ஒருவர், இரண்டு நாட்டில் சொத்து, மூன்று பிள்ளைகள், இரவில் நித்திரை இல்லை. அவருடைய ஆலோசகர் அவர் கொடுத்த ஒவ்வொரு சதத்துக்கும் உழைத்தார். கூடப் போய் நான்தான் பார்த்தேன். வேறொருவருக்கு நாட்காட்டி மட்டும் வந்தது. என்ன செய்தாய், யார் உனக்குச் சம்பளம் தருகிறார், எனக்கு எப்போது பணம் தேவை என்று கேட்டாயா, நீ இல்லாமல் இதை நானே செய்யலாமா. இந்த நான்கு கேள்வியையும் ஆலோசகரிடம் அவர்களே கேட்கட்டும். உங்கள் வேலை அவற்றை மெருகு பூசாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இரண்டு வருடம் முடியும் முன்பே பிலோமினாவின் வீட்டுக்குப் பத்திரம் எழுதும் நாள் வந்தது. நொத்தாரிசின் அலுவலகத்தில் நீண்ட மேசை. ஒரு பக்கம் வீட்டுக்காரரும் அவருடைய மகனும் தரகரும். மறுபக்கம் பிலோமினா, வெள்ளைச் சட்டையில் சூசை, நான். நொத்தாரிசு வயதானவர், ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு போனார். நான்காவது பக்கத்தில் ஒரு சொல் வந்தது. எனக்குத் தெரியாத சொல்.

கையை உயர்த்தினேன். "மன்னிக்க வேண்டும். இந்தச் சொல் எனக்குத் தெரியாது."

நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்கள் மொழிபெயர்ப்பாளர் அல்லவா?"

"ஆம். அதனால்தான் கேட்கிறேன்."

அவர் பெருமூச்சு விட்டு விளக்கினார். வீட்டோடு சேர்ந்து போகவேண்டிய துணை இடங்களைக் குறிக்கும் சொல் அது. இந்த வீட்டுக்குக் கீழே ஒரு களஞ்சிய அறை உண்டு. விளக்கிக்கொண்டே பட்டியலைப் பார்த்தவர் நிறுத்தினார். மறுபடி பார்த்தார். அந்த அறை பத்திரத்தில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. தரகர் தன் கோப்புக்குள் எதையோ அவசரமாகத் தேடினார்.

வீட்டுக்காரரின் மகன் முன்னால் சாய்ந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் அந்தச் சொல் தெரியாது. இரண்டாம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அதையும் கேட்கிறீர்களா?"

கேட்டேன். பிறகு தரகர் ஒன்றைக் கேட்டார். வீட்டுக்காரர் இரண்டைக் கேட்டார். அரைமணித்தியாலத்தில் முடியவேண்டிய பத்திரம் மத்தியானம்வரை போனது. கடைசித் தாளில் கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்த பிலோமினா, அதைச் சூசையிடம் நீட்டி, "முதல் நீங்கள் வையுங்கோ, கீழ் அறை சேந்திருக்கோ எண்டு நான் இன்னொருக்கால் பாக்கிறன்" என்றார்.